ஆம்புலன்ஸ் கதவோடு நின்று விடலாமா?

(கிளியனூரில் நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அன்பிற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, வணிகப் பெருமக்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே!

கல்விக் கூட்டம் என்று போட்டுவிட்டால் டாக்டர், எஞ்சினியர், கலெக்டர் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். நான் நர்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுளியுங்கள், பரவாயில்லை. எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

நமது சமுதாயத்திற்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ரத்தம் வேண்டுமென்றால் நள்ளிரவிலும் நம் இளைஞர்களுக்குத்தான் போன் வருகிறது. நம் அமைப்புகள் ஊர் ஊராக ஆம்புலன்ஸ் ஓட்டுகின்றன. 2020, 2021 கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களைச் சாதி, மதம் பாராமல் அடக்கம் செய்தவர்கள் நம் பிள்ளைகள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றதும் என்ன நடக்கிறது? நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே தள்ளுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு மூடிக்கொள்கிறது. நாம் வெளியே நிற்கிறோம். அந்தக் கதவுக்கு உள்ளே, இரவு முழுவதும் அந்த உயிருக்குக் காவல் நிற்பவர்களில் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர்? இதைக் கேட்கத்தான் வந்தேன்.

கிளியனூரில் நின்று இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் குடியிருப்பது திண்டிவனம் – புதுச்சேரி நெடுஞ்சாலையில். இந்தச் சாலையில் நடக்கும் விபத்துகளை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம். வெயிலில் நின்று உப்பு வாருகிற அந்த ஏழை மக்களுக்குக் கண் கூசுகிறது, கால் வெடிக்கிறது, தண்ணீர் குடிக்காமலும் ஒதுங்க இடமில்லாமலும் சிறுநீரகம் கெடுகிறது. தமிழக உப்பளங்களில் வேலை செய்கிறவர்களைப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து, வரம்பு மீறிய வெப்பத்தில் உழைப்பதையும் அவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் செயல் குறைந்திருப்பதையும் 2023-ல் வெளியிட்டார்கள். அதே 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஒரே நேரத்தில் பலர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து விழுந்தார்கள். ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் காலாப்பட்டு பிம்ஸ் மருத்துவமனைக்கும் ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் டாக்டர்கள் எத்தனை பேர் இருந்தாலும் போதாது. யாருக்கு முதலில் டயாலிசிஸ், யாருக்கு மூச்சுக்கருவி என்று கண்டுசொல்லக்கூடிய தேர்ந்த செவிலியர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தேர்ந்த செவிலியர் என்றால் யார்? என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் காக்கா ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். உங்களில் பலரைப் போலக் காலை முதல் இரவு வரை கல்லாவில் நிற்பவர். சர்க்கரை வியாதி. காலில் சிறு புண். கவனிக்கவில்லை. ஒருநாள் குளிர் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவு இரண்டு மணி. ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது, தூங்குகிறார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். பணியில் இருந்த சகோதரி வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுவதும் அவருடைய மூச்சை எண்ணினார். 28. மாலையில் அது 18. சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தார், நாலு மணி நேரமாக நிறையவே இல்லை. “இது தூக்கமில்லை பாய், மயக்கம். விஷம் ரத்தத்தில் ஏறுகிறது” என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் வந்து சேருவதற்குள் ரத்தப் பரிசோதனைக்கு எடுத்தாகிவிட்டது, சலைன் வேகமாக ஏறுகிறது, மருந்து தயாராக இருக்கிறது. ரத்த அழுத்தம் விழுந்த பிறகு கண்டுபிடித்திருந்தால் காக்காவை ஜனாஸாவாகத்தான் கொண்டு வந்திருப்போம் என்று டாக்டரே பிறகு சொன்னார்.

அந்தச் சகோதரியிடம் கேட்டேன், “எங்கம்மா படிச்சீங்க?” என்று. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வேலை பார்த்து, அதற்குமேல் தீவிர சிகிச்சையில் இரண்டு வருட எம்.எஸ்சி. படித்தவர். அன்றிலிருந்துதான் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

விசாரித்ததைச் சொல்கிறேன். 1965-ல் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியப் பேராசிரியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதன்முதலாக இப்படி ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் போய்ச் சேராத கிராமங்களில், நோயாளியைப் பரிசோதித்து முடிவெடுக்கக்கூடிய செவிலியரை உருவாக்குவது நோக்கம். இங்கிலாந்தில் 2017-ல் இதற்கென்று ஒரு வரைமுறையே வகுத்து, நர்சு மட்டுமல்ல, பிசியோதெரபிஸ்ட், பார்மசிஸ்ட், ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர் ஆகியோரும் முதுகலை படித்து அந்த நிலைக்கு உயரலாம் என்று வைத்தார்கள். நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சில் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் கொண்டுவந்ததுதான் தீவிர சிகிச்சைக்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ எம்.எஸ்சி. படிப்பு. சுருக்கமாக என்.பி.சி.சி. என்பார்கள். இரண்டு ஆண்டு. ஐந்தில் ஒரு பங்குதான் வகுப்பறைப் பாடம், மீதி நாலு பங்கு நோயாளியின் படுக்கையருகே. மருந்தியல், உடல் பரிசோதனை, மூச்சுக்கருவியைக் கையாளுதல், ரத்த வாயுப் பரிசோதனையைப் படித்துப் புரிந்துகொள்ளுதல் எல்லாம் உண்டு. டாக்டருக்குப் போட்டியாக அல்ல. மருத்துவமனை எழுத்தில் கொடுத்த நிலையாணைக்கு உட்பட்டு, டாக்டர் வந்து சேரும் வரை உயிரைக் கையில் பிடித்து வைப்பதற்காக. நமது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளில் இதுவும் ஒன்று. வேலூர் சி.எம்.சி.யில் சொல்லித் தருகிறார்கள். 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கி, 1946-ல் பட்டப் படிப்பையும் கொண்டுவந்த இடம் அது. அன்று அவர்கள் தொடங்கும்போது நம் பாட்டனார்கள் என்ன நினைத்தார்களோ, நினைத்ததன் விளைவை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

என்ன நினைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. “ஆண் நோயாளியைத் தொடுகிற வேலை, இரவு வேலை, நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு?” இதுதானே?

சகோதரர்களே! கந்தக் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் எங்கே வைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டார்கள்? மஸ்ஜிதுந் நபவியில் அமைக்கப்பட்ட ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில். மருத்துவப் பணி செய்த ஒரு பெண்மணிக்கு மதீனத்துப் பள்ளியிலேயே இடம் கிடைத்தது, ஹிஜ்ரி 5-ல். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களில் சென்று நோயுற்றோரைக் கவனித்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. போர்க்களத்தில் பகலும் இரவும் பார்த்தா காயம் படும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் முழங்கை வரை கை கழுவ வேண்டும். நீளக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நோயாளியைத் தொட்டால் ஒருவருடைய கிருமி மற்றவருக்குப் போகும். அது நியாயமான விதி. தலையை மறைப்பதற்கு அந்த விதியில் எந்தத் தடையும் இல்லை. சவூதியில், மலேசியாவில் நம் சகோதரிகள் தலையை மறைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். இங்கே ஏதாவது ஒரு நிர்வாகம் ‘முக்காடு கூடாது’ என்றால், பெண்ணைக் கல்லூரியிலிருந்து நிறுத்தாதீர்கள். ஜமாஅத்தோடு போய் அந்த நிர்வாகத்திடம் பேசுங்கள். நாங்களும் வருகிறோம்.

சரி, எப்படிச் சேர்வது? பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல். அரசு நர்சிங் கல்லூரிகளுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டிற்கும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக்குழு விண்ணப்பம் வாங்குகிறது. அங்கே நமக்கு 2007-ல் சட்டமாகிக் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. எத்தனை மாநாடு, எத்தனை பேரணி, எத்தனை பேர் சிறை சென்று வாங்கியது! அதை மருத்துவ இடத்திற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு நர்சிங்கில் விட்டுவிட்டால் யாருக்கு நஷ்டம்? சான்றிதழில் பி.சி. என்று போட்டிருந்தால் போதாது, ‘பி.சி. முஸ்லிம்’ என்று இருக்க வேண்டும். கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருப்பார்கள், “பத்தாவது பெயிலா? ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்” என்று. மாடியில் இரண்டு அறை, ஒரு பொம்மை, ஒரு வெள்ளைக் கோட்டு. நம் பெண்கள்தான் அதில் அதிகம் ஏமாறுகிறார்கள், வீட்டுக்குப் பக்கம், செலவு குறைவு என்று பார்த்து. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் அவர் சட்டப்படி நர்சே இல்லை. எம்.எஸ்சி. என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் கட்டுமுன் அங்கீகாரம் உண்டா என்று ஒரு பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். வியாபாரிகள்தானே நீங்கள், பில் இல்லாமல் சரக்கு எடுப்பீர்களா?

பி.எஸ்சி. முடித்த பிறகுதான் நம் பெண்கள் வழுக்கி விழுகிறார்கள். நிக்காஹ் ஆகிறது, சர்டிபிகேட் பீரோவுக்குள் போகிறது. என்.பி.சி.சி. சேர வேண்டுமானால் குழுமத்தில் பதிவு, பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண், அதன்பின் குறைந்தது ஒரு வருடம் மருத்துவமனை வேலை, முடிந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடம் நகை பேசுகிற அன்றே இந்த ஒரு வருட வேலையையும் இரண்டு வருடப் படிப்பையும் பேசி முடிவு செய்துவிடுங்கள். பிறகு பேசினால் நடக்காது.

இளைஞர்களே, நீங்களும்தான். ஆண்களும் நர்சிங் படிக்கலாம். அது பிடிக்கவில்லையா? டாக்டரின் உதவியாளராகப் பணி செய்யும் ‘பிசிஷியன் அசிஸ்டெண்ட்’ படிப்பு, மறைந்த டாக்டர் கே.எம். செரியன் அவர்களால் 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கப்பட்டது. டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், பிசியோதெரபி என்று பல துறைகள் இருக்கின்றன. அவற்றுக்கென 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. வளைகுடாவுக்கு விசா தேடுகிறீர்கள். அங்கே கடையில் சரக்கு இறக்கும் வேலைக்கும், தேர்வு எழுதி லைசென்சோடு ஆஸ்பத்திரிக்குள் நுழையும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை அங்கிருந்து திரும்பியவர்களிடம் கேளுங்கள்.

பணத்திற்கு வருகிறேன். டாம்கோவில் கல்விக் கடன் இருக்கிறது. ஆனால் வட்டி இருக்கிறது, ஆகையால் பலர் தயங்குகிறீர்கள். தயக்கம் சரிதான். அப்படியானால் வட்டியில்லாமல் கொடுக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? ரமலானில் வாசலில் வரிசை நிற்க வைத்துச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கும் ஜகாத்தில் ஒரு பகுதியை, தகுதியான ஏழை மாணவிக்கு ஜமாஅத் பைத்துல்மால் வழியாகக் கொடுக்க முடியுமா என்று உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். ஜகாத் ஆகாது என்றால் ஸதகா இருக்கிறது. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு பெண்ணின் இரண்டு வருடம் முடிந்துவிடும். பள்ளிவாசலுக்கு மினாரா உயர்த்தும்போது நாம் பத்துப் பேரைத் தேடுவதில்லை, நூறு பேர் வருகிறார்கள்.

அரசாங்கத்திற்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கக்கூடாது. படிப்பு வந்த வேகத்தில் பதவி வரவில்லை. இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்து வந்தவரையும் பழைய நர்சு பதவியிலேயே, பழைய சம்பளத்திலேயே உட்கார வைத்தால் அடுத்தவர் எப்படிப் படிப்பார்? 2015 முதல் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்ததை மறக்க முடியுமா? ஆகவே நாம் கேட்பது இதுதான்: முண்டியம்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் படிப்பு முடித்தவர்களுக்குத் தனிப் பதவி, தனி ஊதியம், அவர்கள் எதுவரை முடிவெடுக்கலாம் என்பதற்குத் தெளிவான அரசாணை. நெடுஞ்சாலை ஓர மருத்துவமனைகளுக்கு முன்னுரிமை. இது முஸ்லிம்களுக்கான கோரிக்கை மட்டும் அல்ல. உப்பளத்துத் தொழிலாளிக்கும், இந்தச் சாலையில் அடிபட்டுக் கிடக்கப்போகும் எவருக்கும் சேர்த்துத்தான்.

இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு நோட்டு வைத்திருப்போம். இந்த ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகளின் பெயரை, படித்த ஆண்டை, குழுமத்தில் பதிவு உண்டா இல்லையா என்பதை அதில் எழுதுங்கள். தகப்பனார் எழுதலாம், கணவர் எழுதலாம், அவர்களே தாயாரோடு வந்தும் எழுதலாம். பதிவு விட்டுப்போனவர்களுக்கு அதைச் சரிசெய்ய வேண்டிய அலைச்சலை எங்கள் கிளை நிர்வாகிகள் பார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ். நோட்டில் முதல் பக்கம் பெண்களுக்கு. கடைக்காரர்கள் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள், தொகையையும் சேர்த்து.