மணிக்கணக்கும் பக்குவமும்



விமானிப் பயிற்சியைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குப் பினாங்கின் டத்தோ கிராமாட் ஏன் என்று சிலர் கேட்டார்கள். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935லேயே வந்துவிட்டது. 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் தொடங்கிய சேவை சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்கு வரை பறந்தது. இன்றோ நம் பிள்ளைகள் பயிற்சிக்கு லங்காவிக்கும் மலாக்காவுக்கும் கோத்தா பாருவுக்கும் போகிறார்கள். கடன் வாங்கி அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது, "எத்தனை மாதத்தில் முடியும்?" என்பதுதான். அந்தக் கேள்வியையே இன்று ஆராயச் சொல்கிறேன்.

விமானியாகும் படிகள் நீங்கள் அறிந்தவை. மருத்துவச் சான்று, தரைப்பாடங்கள், தனியார் உரிமம், இரவுப் பறப்பு, கருவிவழிப் பறப்பு, இரட்டை எஞ்சின், வணிக உரிமம், பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங். அனைத்துலக விதி தனியார் உரிமத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறது. வணிக உரிமத்துக்கு 200. அங்கீகாரம் பெற்ற தொடர்பயிற்சியில் 150. விமான நிறுவன விமானி உரிமத்துக்கு 1500. இவை குறைந்தபட்ச அளவுகள். பலரும் இவற்றையே இலக்காகப் படித்துவிடுகிறார்கள்.

மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதற்கு, மாணவன் தனியே பறக்கும் முதல் சோலோவைப் பாருங்கள். பயிற்றுநர் இறங்கிக் கதவைச் சாத்துகிறார். அவருடைய எடை குறைந்ததால் அந்தச் சிறிய செஸ்னா வழக்கத்தைவிட வேகமாக மேலேறுகிறது. தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு மேலே இன்னும் சற்று தூரம் மிதக்கிறது. இதை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் மாணவனின் கை அதைத் தானே உணர்ந்தால்தான் பாடம் நிற்கும். அப்படி நின்ற பாடம் கலையாதிருக்க அடுத்த பறப்பு சீக்கிரம் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கோத்தா பாரு வானம் நாள் கணக்கில் மூடிக்கொண்டால் முதலில் மங்குவது, தரையைத் தொடுமுன் மூக்கை உயர்த்தும் அந்த நொடியின் கணிப்புதான். மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் தவறு. இரண்டு படி பின்னே போய்த் தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் மணி நேரத்துக்குக் கட்டணம் யார் தருவது? பல மாணவர்கள் அவசரப்படுவது சோம்பலால் அல்ல, இந்தச் செலவுக்கு அஞ்சியே.

மணி நேரத்தைக் கூட்டினால் தீருமா என்றால், அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்தார். அவர் 3000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானியும் 2000ஐத் தாண்டியவர். அதன்பின் வந்த சட்டம் துணை விமானிக்கும் 1500 மணி நேரத்தைப் பொது விதியாக்கியது. விபத்தின் காரணமும் தீர்வும் ஒட்டவில்லை என்பது என் துணிபு. இதற்கு எதிர்த்திசையில், 2006இல் அறிமுகமான பல்விமானி உரிமம் 240 மணி நேரத்தில், அதிலும் பெரும்பகுதி சிமுலேட்டரில், திறனை அளந்து முன்னேறச் சொல்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் அளப்பவர் கண்டிப்பாக இல்லாவிட்டால் அது குறுக்குவழியாகிவிடும்.

எனவே இந்த அவையிடம் நான் வேண்டுவது இரண்டு. பறப்புக்கும் பறப்புக்கும் இடையிலான நாட்களைப் பறந்த மணிகளைப் போலவே பதிவு செய்து ஆராயுங்கள். ஒரு படியில் தங்கிப் பயில்வதற்கான மேலதிக மணிகளைப் பயிற்சிப் பள்ளிகள் தொடக்கக் கட்டணத்திலேயே சேர்க்கவும், சேர்க்கை நாளிலேயே பெற்றோருக்கு அதை விளக்கவும் ஒரு பரிந்துரை வகுத்துத் தாருங்கள். தங்கிப் பயிலும் பிள்ளையைத் தோற்றவனாகப் பார்க்கும் வழக்கம் அப்போதுதான் குறையும்.

கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.