மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும் புதுப் பட்டதாரிகளே!

உளவியல் ஆலோசனையில் முதுகலைப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள். ஊருக்குப் போய், "கவுன்சிலிங் படிச்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். "நல்லதாப் போச்சு, நம்ம பையன் கட்-ஆஃப் நூத்தி எழுபது, எந்த காலேஜ் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். தொடக்கப் பள்ளியில் வேலை என்றால் இன்னும் மோசம். "சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன கவலை?" என்று சிரிப்பார்கள். பதினைந்து வருடமாக எனக்கு இதே கேள்விதான், இதே சிரிப்புதான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான். 1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் திறந்த அலுவலகம், எந்த இளைஞருக்கு எந்த வேலை பொருந்தும் என்று வழிகாட்டும் இடம். பள்ளி ஆலோசகர் என்ற வேலை அந்த வேரிலிருந்து கிளைத்தது. 1957-இல் சோவியத் ருஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய் மறுவருடமே ஒரு சட்டம் போட்டு, உயர்நிலைப் பள்ளி ஆலோசகர்களுக்குப் பணம் ஒதுக்கியது. கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சலித்தெடுப்பதற்காக! அந்தப் பணம் தொடக்கப் பள்ளி வரை இறங்கி வந்தது 1964-இல்தான்.

நம் ஊரிலும் வரிசை மாறவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரத்தில் 104, 14417 என்ற உதவி எண்களைச் செய்தித்தாள்கள் போடும். போட வேண்டியதுதான், பயங்கரமான வாரம் அது. ஆனால் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு ரிசல்ட் வாரம் ஏது? போன் போட்டு "எனக்கு மனசு சரியில்லை" என்று அது சொல்லாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லும். பக்கத்துப் பிள்ளையின் ரப்பரை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும். அடங்கியிருந்த பழக்கம் திரும்பி, ஏழு வயதில் வகுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

நான் முதலில் சேர்ந்தது ஒரு தனியார் பள்ளி. 2010 ஜூன். எனக்குக் கொடுத்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பாதி அறையில் காற்று இறங்கிய பந்துகள், கிழிந்த வலை, ஆண்டு விழாவுக்குச் செய்த தெர்மோகோல் தாமரை. மீதிப் பாதியில் நான். அந்த ஏப்ரலில்தான் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 17-ஆம் பிரிவு குழந்தையை அடிக்கவும் கூடாது, மனதால் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. பிரம்பை எடுத்து வைத்துவிட்டார்கள். பிரம்பு இருந்த இடத்தில் என்னை வைத்துவிட்டார்கள். "சும்மா இருக்கியா, கவுன்சிலர் மிஸ்கிட்ட அனுப்பட்டுமா?" முதல் பருவம் முழுக்க என் அறை வாசலுக்கு வந்த பிள்ளைகள் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் படித்த படிப்பு ஒரு பூச்சாண்டி வேலைக்கு உதவியது என்று நினைத்து நானும் ஒருநாள் அழுதேன்.

அப்புறம் காலையில் கேட்டருகே போய் நிற்க ஆரம்பித்தேன். ஷூ லேஸ் கட்டிவிடுவேன், வாட்டர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுப்பேன். கோயில் திருவிழாக் கடையில் மரச் சொப்பு ஒரு செட் வாங்கி வந்து பாயில் பரப்பினேன். விளையாட்டு வழிச் சிகிச்சை பற்றி வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் எழுதிய நூலை நீங்களும் படித்திருப்பீர்கள். குழந்தை முன்னே போகட்டும், நாம் பின்னே போவோம் என்பது அவர் வகுத்த எட்டு நெறிகளில் ஒன்று. பரீட்சைக்காக எட்டையும் மனப்பாடம் செய்தவள் நான். ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் சொப்பு அடுப்பில் சோறு வடித்து நான்கு தட்டில் பரிமாறினாள். நான்காவது தட்டை மட்டும் இன்னொரு தட்டால் மூடி ஓரமாக வைத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது யாருக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போட்டு மூடினாள். மறுபடி சொப்பைத் தொட இரண்டு வாரம் ஆனது. எட்டு நெறியும் மனப்பாடமாக இருந்து என்ன?

இன்னொன்று, இது உங்களுக்கு நிச்சயம் நடக்கும். நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று உள்ளங்கையை நீட்டி, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு காட் ப்ராமிஸ் பண்ணுங்க மிஸ்" என்று கேட்கும். கை தானாகப் போகும். வைத்துவிடாதீர்கள். அந்தக் கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நான் சொல்வது இதுதான்: "ப்ராமிஸ் பண்ண மாட்டேன்டா கண்ணு. உன்னை யாராவது கஷ்டப்படுத்தினா, நிறுத்தக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன்." சில குழந்தைகள் எழுந்து போய்விடும். பெரும்பாலும் திரும்பி வரும்.

வந்து சொன்னது பாலியல் குற்றம் என்றால், 2012-இன் போக்சோ சட்டம் உங்கள் மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவரே மறைத்தால் ஒரு வருடம் வரை. "ஸ்கூல் பேர் கெட்டுடும் மேடம், நாமளே பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது காபி வாங்கிக் கொடுத்துச் சொல்வார்கள். பள்ளியின் பேரைக் காப்பாற்ற அந்தச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. இன்னொரு விஷயமும் மனதில் வையுங்கள்: குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். வாக்குமூலம் வாங்கும் போலீஸ்காரரே சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. குழந்தைக்காகப் போலீஸே யூனிபார்மைக் கழற்றும்போது, நாம் ஏன் துப்பறியும் வேஷம் போட வேண்டும்?

வேலைக்குப் போனதும் டீச்சர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். பரீட்சை ஹாலில் நிற்கச் சொல்வார்கள். போங்கள், பரவாயில்லை, வகுப்புக்குள் கால் வைக்க அதுவும் ஒரு வழி. ஆனால் "அவன் ஹைப்பர் மிஸ்" என்று ஒட்டி அனுப்பும் சீட்டை மட்டும் அப்படியே வாங்கி வைக்காதீர்கள். காது கேட்கிறதா, ராத்திரி தூங்கினானா, காலையில் சாப்பிட்டானா, கண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை. பின்னால் ஒரு ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் வேலை பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். டீச்சர் போர்டில் எழுதத் தொடங்கினால் போதும், ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவான். மற்ற நேரத்தில் தங்கமான பிள்ளை. நான் நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்கு ஓடினான், எந்தப் பாடம், வீட்டில் யார் யார் என்று எழுதினேன். எழுத்தைக் கண்டு பயம், அப்பாவின் கண்டிப்பு, தம்பி பிறந்த ஏக்கம் என்று மூன்று வாரத்தில் பதினோரு பக்கம். எட்டாம் பக்கத்தில் ஃபிராய்டைக்கூட இழுத்திருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் மதியம் சத்துணவு ஆயா கரண்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "அந்தப் புள்ள தட்டை மூஞ்சிக்கிட்ட தூக்கிவெச்சுக்கிட்டு கறிவேப்பிலை பொறுக்குது, பாத்தீங்களா டீச்சர்? கண்ணு மங்கலாட்டம் இருக்கு."

அம்மாவையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். தடித்த கண்ணாடிதான் எழுதிக் கொடுத்தார்கள்.

கண்ணாடி போட்ட மறுநாள் அவனாகவே என் அறைக்கு வந்தான். எப்போதும் உட்காரும் அதே பாயில் உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்த்தான். எனக்குப் பின்னால் சுவரில் பார்வை நின்றது.

"மிஸ், உங்க ரூம்ல பல்லி இருக்கு."

"தெரியும்டா," என்றேன். "ரொம்ப நாளா அங்கேதான் இருக்கு."

"ஏன் மிஸ் சொல்லவே இல்லை?" என்று கோபித்துக்கொண்டான்.