கும்மி தட்டியும் நியாயம் கேட்கலாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்ச குடும்பத் தலைவி. பெரிய பேச்சு எனக்கு வராது. பாட்டாலும் நாடகத்தாலும் நியாயம் கேட்கலாம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். கலைக்குழுக்காரங்க ஊர் ஊராப் போய் தெருவில் நாடகம் போட்டாங்க, பாட்டுப் பாடினாங்க. எழுத்துக் கத்துக்கச் சொன்னதோட விடலை. பொம்பளைங்க சைக்கிள் ஓட்டணும்னும் பாடினாங்க. அப்போ கலெக்டரா இருந்தவங்களும் ஒரு பெண்தான், ஷீலா ராணி சுங்கத் அம்மா. முதல்ல சைக்கிள் ஓட்டின பெண்களை ஊரே கேலி பண்ணுச்சு. ஆனாலும் கல் குவாரியில் வேலை பார்த்தவங்க, வயல் வேலைக்குப் போனவங்க, பால்வாடியில் இருந்தவங்க, கிராம நர்சுகள்னு ஆயிரக்கணக்கில் கத்துக்கிட்டாங்க. தண்ணிக் குடத்தைப் பின்னால கட்டிக்கிட்டு, பிள்ளையை முன்னால உட்கார வச்சுக்கிட்டுப் போனாங்க. பஸ்ஸுக்கும் வீட்டு ஆம்பளைக்கும் காத்துக் கிடந்தது குறைஞ்சது. ஒருத்தி மட்டும் கேட்டிருந்தா வீட்டிலேயே அடக்கியிருப்பாங்க. ஊரே பாடுற பாட்டை யாரால அடக்க முடியும்?

எங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் பேசினாங்க. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கலை. நாளைக்கு ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்கணுமே என்ற பயம். எங்க குழுவில் பேசி, முளைப்பாரிக் கும்மிக்கு ஒரு பாட்டுக் கட்டினோம். நான் எழுதினேன், எங்க நாத்தனார் மெட்டுப் போட்டாங்க. யார் பேரும் அதில் இல்லை. பையைத் தூக்குற வயசில் பிள்ளையைத் தூக்கினா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு கேட்டோம். 18 வயசுக்கு முன்னால கல்யாணம் பண்ணினா சட்டப்படி குத்தம், 1098-க்கு போன் பண்ணலாம் என்பதையும் பாட்டிலேயே சேர்த்தோம்.

மூணு ராத்திரி பாடினோம். மூணாம் நாள் அந்தப் பிள்ளையோட அப்பத்தாவே வட்டத்தில் வந்து கை தட்டினாங்க. அப்புறம் டீச்சரும் நாங்களும் அந்த வீட்டுக்குப் போனப்போ, உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினாங்க. பாட்டு மட்டுமே கல்யாணத்தை நிறுத்திடலை. நாங்க போய்ப் பேச வழி விட்டுச்சு. அந்தப் பிள்ளை இப்போ பதினொன்னாவது படிக்குது.

கும்மியில் ஒரு சௌகரியம் இருக்கு. வட்டமா நின்னு பாடும்போது, "எவ சொன்னா?"ன்னு ஒருத்தியைப் பார்த்து யாரும் விரல் நீட்ட முடியாது.

அதனால ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு ஒரு பாட்டோ, பத்து நிமிஷ நாடகமோ கட்டணும். ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலி, குடி, வட்டிக்காரன் தொல்லை, இப்படி உங்க ஊரில் எதை வாய் விட்டுச் சொல்ல முடியலையோ அதையே எடுங்க. கோயில் திடலில் பாடுங்க, கிராம சபையிலும் பாடுங்க. செலவு ஒண்ணும் இல்லை. கையும் குரலும் நம்மகிட்டேயே இருக்கு.