கற்றையை அளக்கும் கம்பி

ஓடும் ஆற்றின் அகலத்தை அளப்பது எளிது. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும் புரோட்டான் கற்றையின் பருமனை அளப்பது எங்ஙனம்? ஜினீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இவ்வினாவுக்கு ஒரு கம்பி விடை கூறுகிறது. 2017 ஆம் ஆண்டு முதல் நம் நாடும் அக்கூடத்தின் இணை உறுப்பாக விளங்குகிறது.

தலைமயிரினும் மெல்லிய கரி இழையொன்று கற்றையின் குறுக்கே வீசப்படுகிறது. புரோட்டான்கள் அதில் மோதுங்கால் துகள்கள் சிதறுகின்றன. இழை எவ்விடத்தில் இருந்தபோது எவ்வளவு சிதறின என்று வரைந்தால், கற்றையின் வடிவம் புலனாகும்.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. மெல்லச் சென்றால் இழை வெந்து அறும். விரைந்து சென்றாலோ அதிர்ந்து அளவு பிழைபடும். இயங்குமிடமோ வெற்றிடம். பழைய கருவிகளில் மடிப்புக் குழாய் வழியே அசைவை உட்செலுத்தினர். ஓயாது மடங்கி விரியும் உலோகம் நாளடைவில் விரிசல் கண்டு கசியக்கூடும். ஆகவே, 2019, 2020 ஆம் ஆண்டுகளின் சீரமைப்பின்போது பொருத்திய புதிய கருவிகளில், மோட்டாரின் சுழலும் பகுதியை வெற்றிடத்துள்ளும், மின்சுருள்களை மெல்லிய உலோகச் சுவருக்கு வெளியிலும் அமைத்தனர். சுவரைத் துளையாமல் காந்தவிசை மட்டுமே ஊடுருவுகிறது. இழை நொடிக்கு 20 மீட்டர் வரை வேகம் எய்துகிறது. திடுமென உலுக்கினால் இழை ஆடுமாதலால், வேகத்தைச் சீராக ஏற்றிச் சீராக இறக்குகின்றனர். கதிர்வீச்சு மின்னணுக் கருவிகளைக் கெடுக்குமாதலால், இழையின் நிலையை ஒளியிழை வழியே தொலைவிலிருந்து அறிகின்றனர்.

அளக்கும் கருவி அளக்கப்படுவதைக் குலைக்கலாகாது, தானும் அழியலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதே இயக்கக் கட்டுப்பாட்டுக் கலை என்பதை நாம் உணர்கிறோம்.