கண்ணுக்குப் புலப்படாத அலைகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கையில் கண்ணுக்குத் தெரியாமல் இயங்கும் ஆற்றல்களைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். புவியீர்ப்பு, காந்தம், மின்சாரம், ஒளி, ஒலி என்று அந்தப் பட்டியல் நீளமானது. கிடைத்துள்ள குறுகிய நேரத்தில் அலைகளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். கடலோரம் வாழும் மக்களுக்கு அலையைப் பற்றிய அறிவு பாடநூலோடு நின்றுவிடக் கூடாது. அது உயிரைக் காக்கும் அறிவு.

அலை என்றால் என்ன? குளத்தில் ஒரு கல்லை எறிந்தால் வட்டம் வட்டமாக அலைகள் கரையை நோக்கி விரிகின்றன. ஆனால் நீரில் மிதக்கும் இலை அவற்றோடு கரைக்கு வந்துவிடுவதில்லை. இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. பயணம் செய்வது நீர் அன்று. கல் கொடுத்த ஆற்றலே பயணம் செய்கிறது.

ஒலியும் அத்தகையதே. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லப்படும்போது அங்குள்ள காற்று நம் வீட்டுக்கு ஓடி வருவதில்லை. காற்றின் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி அதிர்வதால் ஒலி நம்மை வந்தடைகிறது. அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். ஆகவே 680 மீட்டர் தொலைவில் இருப்பவர் அதே ஓசையை இரண்டு வினாடிகள் கழித்தே கேட்கிறார். ஒளியும் வானொலி அலையும் கைபேசிக்கு வரும் அலையும் மின்காந்த அலைகள். அவற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர்.

இந்த வேக வேறுபாட்டை மழைக்காலத்தில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மின்னல் முதலில் தெரிகிறது. இடி பின்னர் கேட்கிறது. இடைப்பட்ட வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் வெட்டிய இடம் சுமார் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று தெரிந்துவிடும். ஒரே நிகழ்ச்சியிலிருந்து இரண்டு அலைகள் புறப்படுகின்றன. முந்தி வரும் அலை, பிந்தி வருவதைப் பற்றிய செய்தியைக் கொண்டு வருகிறது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சகோதரர்களே! 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, இந்திய நேரப்படி 6 மணி 29 நிமிட அளவில், சுமத்ரா தீவின் வடமேற்குக் கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குப் பூமியின் தட்டுகள் உடைந்து நகர்ந்தன. கடலின் தரை பல மீட்டர் மேலெழும்பி, மேலிருந்த நீர் முழுவதையும் தூக்கியது.

அந்த நொடியில் இரண்டு அலைகள் நம் கரையை நோக்கிப் புறப்பட்டன. முதலாவது, பூமிக்குள் பாயும் நிலநடுக்க அலை. அது வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஏறத்தாழ நான்கே நிமிடங்களில் தமிழகத்தை அடைந்தது. சென்னையில் பலர் அந்த அதிர்வை உணர்ந்தனர். இரண்டாவது, நீரில் வந்த ஆழிப்பேரலை. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர். எனினும் நம் கரையை அடைய அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

அவ்வளவு பெரிய அலை நடுக்கடலில் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 என்னும் செயற்கைக்கோள் வங்கக் கடலின் மேல் சென்றது. அது அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர் மட்டுமே. அந்த உயரமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் பரவியிருந்ததால், கப்பலில் இருப்பவர் அதை உணர வாய்ப்பில்லை. கரையருகே ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறைகிறது. பின்னால் வரும் நீர் முன்னதன் மேல் குவிகிறது. மறைந்திருந்த ஆற்றல் அப்போதுதான் உயரமாக எழுகிறது. தமிழகத்தில் சுமார் 8,000 உயிர்கள் பலியாயின. அவற்றுள் ஏறத்தாழ 6,000 நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

முதல் அலை சொல்லிய செய்தியை இரண்டு மணி நேர இடைவெளியில் கரைக்குச் சேர்க்க அன்று இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இல்லை. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது சில நிமிடங்களிலேயே எச்சரிக்கை வெளியானது. அன்று தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

கருவிகள் மட்டுமே மக்களைக் காப்பதில்லை. சுமத்ராவுக்கு அருகே சிமெலுவே என்னும் தீவு உள்ளது. 1907-இல் அங்கே ஒரு பேரலை தாக்கிப் பலர் மாண்டனர். தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, நிலம் பலமாக நடுங்கினால் கடலைப் பார்க்க நில்லாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். 2004-இல் அத்தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அலை வரச் சில நிமிடங்களே இருந்தன. ஆயினும் ஏறத்தாழ 78,000 மக்களில் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. பாட்டனார் சொன்ன சொல் அவர்களைக் காத்தது.

நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை மூன்று. நிலம் பலமாகவோ நீண்ட நேரமோ நடுங்கினால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேடான இடத்துக்குச் செல்ல வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்கவோ வேடிக்கை பார்க்கவோ செல்லக் கூடாது. ஆனால் எல்லாக் கரைகளிலும் கடல் முதலில் உள்வாங்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. முதல் அலை வடிந்ததும் திரும்பிவிடக் கூடாது. அலைகள் பல மணி நேரம் அடுத்தடுத்து வரும். பின்னால் வருவது முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

2004-இல் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவளித்து உதவியதை நாடறியும். துயருக்குப் பின் செய்யும் அந்தத் தொண்டு போற்றத்தக்கது. துயருக்கு முன்பே செய்யத்தக்கதும் உண்டு. எச்சரிக்கை வந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் யார், மக்கள் செல்ல வேண்டிய மேடான இடம் எது, முதியோரையும் நோயாளிகளையும் அழைத்துச் செல்பவர் யார் என்பனவற்றைக் கடலோர ஜமாஅத் ஒவ்வொன்றும் முன்னரே முடிவு செய்து எழுதி வைத்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 5-ஆம் நாளை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்துள்ளது. ஆண்டுதோறும் அந்நாளில் நம் மாணவர்களுக்கு இதை ஒரு முறை சொல்லித் தருவோமாக.