தாதி கேட்க வேண்டிய கேள்வி

மேடையில் சொல்லக் கூசுகிற ஒரு விசயத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். கரு கலைந்தோ கலைக்கப்பட்டோ இரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்ணைப் பற்றி ஊர் பேசும், பெரும்பாலும் பழித்துத்தான் பேசும். அவளுடைய நாடியை முதலில் பிடித்துப் பார்க்கிற தாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தத் தாதி பொலிஸ் வேலை பார்க்கத் தேவையில்லை என்று நாம் அவளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டால், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிலருடைய உயிராவது தப்பும் என்பதே என் வாதம்.

நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்தாலொழிய, கருக்கலைப்புக்கு 3 ஆண்டு வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிவிட்டால் 7 ஆண்டு வரை என்கிறது அதன் 303ஆம் பிரிவு. தானே கலைத்துக்கொண்டவளும் அதில் அடக்கம். வல்லுறவுக்கு உள்ளானவர்களுக்காவது விலக்களிக்க 1995இல் முயன்றார்கள், கைவிட்டார்கள். 2017இல் அமைச்சரவை வரை போய், அதுவும் நின்றுவிட்டது. சட்டம் மாற வேண்டுமா என்ற வழக்கை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். கலைந்த பிறகு வைத்தியம் பார்ப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. அதற்கான வழிகாட்டலைச் சுகாதார அமைச்சே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் பயம் வாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பயம் செய்கிற வேலையைப் பாருங்கள். எத்தனை துணி நனைந்தது, காய்ச்சல் எப்போது தொடங்கியது, என்ன குளிசை, எத்தனை, உள்ளே ஏதாவது வைத்தார்களா? இவை வைத்தியத்துக்கு வேண்டிய கேள்விகள். குச்சி வைத்திருந்தால் கருப்பையில் துளை விழுந்திருக்கலாம், கிருமி ஏறியிருக்கலாம். குளிசை மட்டுமென்றால் பார்க்கிற விதம் வேறு. யார் கொடுத்தது, எந்த ஊர், எவ்வளவு காசு? இவை பொலிஸ் கேள்விகள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தால் அந்தப் பெண் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொல்வாள்: "கொழுந்தோட சறுக்கி விழுந்துட்டேன் மிஸ்ஸி." அந்தப் பொய்யை நம்பி மருந்து கொடுத்தால் என்னாகும்? போதாக்குறைக்கு, தமிழ் தெரியாத தாதிக்கும் சிங்களம் தெரியாத பெண்ணுக்கும் நடுவில் மொழிபெயர்க்க நிற்பது பல வேளைகளில் மாமியாராகவோ புருசனாகவோ இருப்பார். எவரிடம் மறைக்க வேண்டுமோ அவரே தரகர்!

குற்றத்துக்குத் துணை போகச் சொல்கிறீர்களா என்று கேட்பீர்கள். கத்திக்குத்துக் காயத்தோடு வருபவனுக்கு, வழக்கை விசாரித்த பிறகா தையல் போடுகிறோம்? தாதிக்கும் மதமுண்டு, மனச்சாட்சி உண்டு என்பீர்கள். உண்டு, கருவைக் கலைக்கிற காரியத்தில் கைவைக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அதை மதிக்கிறேன். ஆனால் இங்கே கரு ஏற்கெனவே போய்விட்டது. கட்டிலில் மிஞ்சியிருப்பது அந்தப் பெண்ணின் உயிர் ஒன்றுதான்.

தாய் மரணம் ஒவ்வொன்றையும், எவர் மீதும் பழி போடாமல், எங்கே பிசகியது என்று ஆராய்கிற நல்ல வழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது. அதே மனப்பாங்கு இரவு டியூட்டியில் தனியே நிற்கிற தாதிக்கும் கிடைக்கட்டும். கண்முன்னே ஒருத்தி இறந்துபோன மறுநாள் காலையில் விளக்கக் கடிதம் மட்டும் கேட்காமல், உட்கார வைத்துப் பேச ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுக்களில் இருப்பவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். அடுத்த கூட்டத்தில் இரண்டு விசயங்களைக் கேளுங்கள்: இரவிலும் தமிழ் பேசுகிற ஒருவர், தாதி எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டியதில்லை என்று இரு மொழியிலும் எழுதி, பொறுப்பதிகாரி கையெழுத்திட்ட ஒரு தாள்.