வழக்கும் கறவைப் பசுவும்



19-ஆம் நூற்றாண்டில் மேனாடுகளில் அச்சாகிப் பரவிய கேலிச் சித்திரம் ஒன்றை முதலில் சொல்கிறோம். ஒரு பசு நிற்கிறது. வாதி அதன் கொம்பைப் பற்றி இழுக்கிறான்; பிரதிவாதி வாலைப் பிடித்து இழுக்கிறான். இடையில் வக்கீல் அமர்ந்து நிதானமாகப் பால் கறக்கிறார். இதற்கு உரை வேண்டுமோ? ஒரு வரப்புக்காக வாய்தா வாய்தாவாக நடந்து, ஆட்டையும் காதுத் தோட்டையும் விற்றவர்களை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியிலே நாம் கண்டிருக்கிறோம்.

இக்கலையில் தலைசிறந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஒனொரே தோமியே. இளமையில் அமீனா ஒருவரிடம் எடுபிடியாக இருந்தவர். மன்னர் லூயி பிலிப்பை மக்கள் பணத்தை விழுங்கும் பெருந்தீனிக்காரராக வரைந்து 1832-இல் சிறை புகுந்தவர். நீதிமன்றத்தாரைப் பற்றிய கல்லச்சுப் படங்களை 1845 முதல் 1848 வரை 'லெ ஷாரிவாரி' இதழில் தொடராக வெளியிட்டார். ஒரு படத்தில் வழக்கில் தோற்ற பெண்ணிடம் வக்கீல், தம் வாதத்தைக் கேட்டு மகிழும் பேறாவது கிட்டியதே என்கிறார்! நம் நாட்டிலும், முன்சீபாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையே 1879-இல் வெளிவந்த தம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் வக்கீல்களை எள்ளி நகையாடினார். உள்ளிருந்து பார்த்தவர்களின் நகைப்பு சற்றுக் கூர்மையானதுதான்.

நாமும் சிரித்தோம். ஆயினும் நெடுங்காலம் அப்பசுவின் கொம்பும் வாலும் நம் கைக்கு எட்டியதில்லை. கோவிலாயினும் குளமாயினும் வழக்காடியவர் பிறர். வழக்குப் பொருளாய் நின்றவர் நாம்.

1927 மார்ச்சு 20 அன்று மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் நம்மவரோடு நீர் அருந்தினார். அவ்வூர்ச் சாதி இந்துக்கள் குளம் தமக்கே உரியதென்று வழக்கிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் இடைக்காலத் தடை பெற்றனர். பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டைத் தள்ளியது 1937 மார்ச்சு 17-இல். ஒரு கை நீருக்குப் பத்தாண்டுகள்! தோமியே கண்டிருந்தால் ஒரு படத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார். ஆனால் அப்பத்தாண்டுகளும் வழக்கைக் கைவிடாமல் நடத்திய பாரிஸ்டரும் கறுப்பு அங்கி அணிந்தவரே என்பதை நாம் மறக்கவில்லை.

இளைஞர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர் எவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. அவருடைய வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வழக்குத் தொடுக்கவும் எதிர்வழக்காடவும் அது பொருந்தும். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீலை அவர்களே அமர்த்தித் தருவார்கள். நீதிமன்றக் கட்டணமும் நம் தலையில் விழாது. ஆட்டை விற்கப் புறப்படுமுன் அந்த மனுவை எழுதிக் கொடுங்கள்.